அர்த்தநாரியின் கைகள்

காலையில் எழுந்தபோது கலாமணியால் இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. கோழிப்பண்ணையில் முட்டை அட்டை தூக்கித் தூக்கி வந்த வலி என்றால் அவளுக்குப் பழக்கம். அது மேல்முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவில் உட்காரும். இது அடியிடுப்பில், வலது பக்கமாகப் பிடித்துக்கொண்டு தொடை வரைக்கும் இழுத்தது. லாரி சீட்டில் முப்பது வருடம் உட்கார்ந்தவனுக்கு வரும் வலி இது. கலாமணி லாரி சீட்டில் ஏறி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அவள் புருஷன் பெரியண்ணன் தைலப் பாட்டிலைத் திறந்தான்.

"நான் இப்ப தேய்க்கறது உன்ற இடுப்பையா, அந்த அர்த்தநாரி இடுப்பையா?"

"ரெண்டுக்கும் சேத்தே தேயுங்க. தைலம் ஒண்ணுதானே."

"செத்துப்போன ஆம்பளைக்கு இடுப்பு நீவி விடறதுக்குன்னு எங்கம்மா என்னையப் பெத்துப்போட்டிருக்குது பாரு."

மெய்ப்படி வந்ததிலிருந்து நாட்டில் யாரும் எந்தத் தொழிலையும் முதலிலிருந்து கற்றுக்கொள்வதில்லை. கை தேர்ந்த ஒரு ஆளுக்கு மெய்ச்சட்டை என்கிற வலைச்சட்டையை மாட்டி ஒரு வருடம் வேலை செய்ய விடுவார்கள். எந்தத் தசை எப்போது இறுகுகிறது, எதைக் கேட்டதும் கால் பிரேக்குக்குப் போகிறது என்பதெல்லாம் அதில் பதிந்துவிடும். பிறகு அதே மாதிரிச் சட்டையை மாட்டிக்கொண்டு நாம் கட்டிலில் படுத்துக் கிடந்தால் போதும். எறும்பு கடிக்கிற மாதிரி மின்துடிப்புகள் நரம்பில் ஏறும். பத்துப் பகல் படுத்து எழுந்தால் அந்த ஆளின் கை நம் கையாகிவிடும். மூளைக்கு ஒன்றும் தெரியாது. கைக்குத் தெரியும்.

நாமக்கல்லில் எந்தக் கடையில் புரோட்டா தின்றாலும் அது விருதுநகர்க்காரர் ஒருவரின் வீச்சு. எந்தச் சலூனில் உட்கார்ந்தாலும், முடியைத் தொடுவதற்கு முன்னால் கத்தரியைக் காற்றில் நாலு தடவை வெட்டிப் பார்க்கும் அதே பழக்கம். பல் டாக்டர்கள் எல்லோருக்கும் இடது முழங்கையில் ஒரே நோவு. தொழிலை வாங்கினால் வலியும் கூடவே வரும். இரண்டையும் பிரித்துக் கொடுக்கும் வித்தையை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

லாரிக்கு அர்த்தநாரி. திருச்செங்கோட்டுக்காரர், இருபத்திரண்டு சக்கர வண்டியைப் பொம்மை மாதிரி வைத்துக்கொள்வார் என்று பேர் எடுத்தவர். சட்டையில் பதிந்து கொடுத்த கொஞ்ச நாளில் போய்ச் சேர்ந்தார். இந்த மாவட்டத்தில் மட்டும் நாலாயிரம் பேர் அவர் கையோடு அலைகிறார்கள். டோல்கேட்டில் நிற்கும்போது பிடரியைச் சொறிவது, மேடு ஏறும்போது நாக்கை மடித்துக் கடிப்பது என்று எல்லாமே ஒரே அச்சு.

லாரிகள் தாமே ஓடும் காலத்தில் டிரைவர் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். தானோட்டி லாரி சாலையில் நன்றாகத்தான் ஓடும். கோழிப்பண்ணைச் சந்து, மார்க்கெட் மூலை, பாதி இடிந்த மதில், நடுவில் படுத்திருக்கும் நாய் என்று வந்துவிட்டால் விளக்கைப் போட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிடும். அங்கிருந்து மனிதன்தான் வண்டியை எடுத்துக் கிடங்கில் ஒட்டி நிறுத்த வேண்டும். முன்னால் போவது இயந்திரத்தின் வேலை, பின்னால் வருவது மனிதனின் வேலை என்று ஆகிப்போனது. ஆகவே கனரக ஓட்டுநர் தேர்வு என்றால் ரிவர்ஸ்தான். டயரைக் கம்பியால் தட்டிக் காற்றுப் பார்ப்பது, மேட்டில் நிறுத்தி எடுப்பது இரண்டும் பெயருக்கு. டிரெய்லரைப் பின்னால் கொண்டுபோய்க் கம்பங்களுக்கு நடுவில் ஒரே மூச்சில் சொருகினால் லைசென்ஸ். இல்லாவிட்டால் இல்லை.

கலாமணி இரண்டு தடவை சொருகவில்லை.

மூன்றாவது தடவை வரும் வெள்ளிக்கிழமை. அதிலும் தவறினால் ஒரு வருடம் விண்ணப்பம் போட முடியாது. பண்ணையில் அட்டை தூக்க இயந்திரக் கை வந்து இறங்கியாகிவிட்டது. மாசக் கடைசியோடு தூக்குகிற பெண்களுக்கு வேலை இல்லை. முட்டைக் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு லாரி காலியாக நிற்கிறது, லைசென்ஸோடு முதலில் வருகிறவருக்கு அது. பெரியண்ணனுக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. வெள்ளிக்கிழமை வண்டி பின்னால் போனால் குடும்பம் முன்னால் போகும்.

இரண்டு தடவையும் நடந்தது ஒன்றுதான். டயர் தட்டினாள். மேட்டில் நிறுத்தினாள், ஒரு விரல்கூடச் சறுக்காமல் எடுத்தாள். ரிவர்ஸ் கியர் போட்டாள். அவ்வளவுதான், கை கட்டையாகிவிட்டது. எதிரே திரையில் பின்பக்கம் முழுசாகத் தெரிகிறது. கண் பார்க்கிறது, மூளை 'திருப்பு' என்கிறது, கை மட்டும் எதற்கோ காத்துக்கொண்டு சும்மா இருக்கிறது.

அவளுக்கு மட்டும் இல்லை. இந்த வருடம் அர்த்தநாரி படி போட்ட யாருமே தேறவில்லை. பண்ணையில், பட்டறையில், சந்தையில் எல்லாம் அதே கைகள் வெண்ணெயாக வேலை செய்கின்றன. தேர்வுத் திடலில் மட்டும் கட்டை. படி தேய்ந்துவிட்டது என்று ஊர் சொன்னது. மெய்ப்படிக் கூடம் வைத்திருந்த ஜபருல்லாவைத் தெருவில் நிறுத்திக் கேட்டார்கள்.

"ஏன் பாய், பழைய சட்டையத் தொவைச்சுத் தொவைச்சுப் போடறீங்களா?" என்று கலாமணியும் கேட்டாள். இரண்டாவது தடவை தோற்றுவிட்டு அவருடைய பயிற்சி லாரியில் இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"சட்டையத் தொவைக்காம இருந்தாத்தான்க்கா நீங்க பக்கத்துலயே வரமாட்டீங்க. படி நல்லாத்தான் இருக்கு. திடல்லதான் என்னமோ இருக்கு. மந்திரிச்சு வெச்சிருக்காங்களோ என்னமோ."

கீரம்பூர் தாண்டி ஒரு டயர் படுத்துவிட்டது. சர்வீஸ் ரோட்டில் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் நாச்சிமுத்து, அறுபதை நெருங்கும் ஆள். உள்ளங்கை இரண்டும் முறம் மாதிரி அகலம். டயரை மாற்றிவிட்டு, "சரி, பின்னால எடுத்துக்கங்க. இப்படி அடைச்சுக்கிட்டு நின்னா அடுத்த வண்டி எப்படி வரும்?" என்றார்.

கலாமணி ரிவர்ஸ் போட்டாள். கை கட்டை. பின்னால் ஒரு பக்கம் புளியமரம், இன்னொரு பக்கம் டீக்கடை பெஞ்சு.

"எடும்மா."

"எடுக்கறனுங்க."

"எங்க எடுக்கற? சாமி கும்பிடற மாதிரி உக்காந்திருக்கற."

அவர் சலித்துக்கொண்டு பின்னால் போய் லாரியின் பக்கப்பலகையில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். டப், டப்.

கலாமணியின் கை தானாகச் சுழன்றது. லாரி பின்னால் நகர்ந்தது. அவர் வலது பக்கம் தட்டினார், டிரெய்லரின் வால் வலது பக்கம் ஒடிந்து திரும்பியது. தட்டல் வேகமானது, வண்டியும் வேகமானது. புளியமரத்துக்கும் பெஞ்சுக்கும் நடுவில் டிரெய்லர் வழுக்கிக்கொண்டு போனது. ஒரே ஒரு தட்டு. அவள் யோசிப்பதற்குள் கால் பிரேக்கை மிதித்திருந்தது.

நாச்சிமுத்து ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"கடைசியில ஒரு சாண் உட்டுட்டு ஒடிச்சியே, அது அவனோட ஒடிப்பு. நீயும் அர்த்தநாரி படிதானா அம்மிணி?"

"அவரை உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியுமாவா? பதினோரு வருசம் அவன் லாரியில நான்தான் கிளீனரு. அவன் ஓட்டுனான் ஓட்டுனான்னு ஊரே சொல்லுது. அவன் எங்க ஓட்டுனான்? ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். பின்னால நின்னு ஓட்டுனது நானு."

ஜபருல்லா சிரித்தார். "அண்ணனுக்குப் பெருமை கொஞ்சம் தூக்கலா இருக்குதே."

எதிர்ப்பக்கம் ஒரு லாரி மெதுவாகப் பின்னால் வந்துகொண்டிருந்தது. ஒரு லோடுமேன் அதன் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே வந்தான். நாச்சிமுத்து கிரீஸ் டப்பா மூடியை எடுத்து அதன்மேல் ஒரு தட்டுத் தட்டினார். லாரி சட்டென்று நின்றது. டிரைவர் தலையை நீட்டி, லோடுமேனைப் பார்த்து, "ஏண்டா நிறுத்தச் சொன்ன?" என்றான். "நான் எங்கண்ணா சொன்னேன்?" என்றான் லோடுமேன். நாச்சிமுத்து இரண்டு தட்டுத் தட்டினார். பேசிக்கொண்டிருக்கும்போதே லாரி பின்னால் கிளம்பிவிட்டது. டிரைவர் பதறிப்போய்த் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"மூணு வருசமா எனக்கு இதுதான் பொழுதுபோக்கு" என்றார் நாச்சிமுத்து. "டீக்கடைக்காரங்கிட்டப் பந்தயம் கட்டி எத்தனை வடை தின்னிருப்பேன்னு அவனையே கேளுங்க."

ஜபருல்லாவின் சிரிப்பு நின்றுவிட்டது. கலாமணிக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. பண்ணையில் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தி பின்னால் தட்டிக்கொண்டு வருவாள். அது ஊர் வழக்கம், யாரும் அதைக் கவனிப்பதில்லை. போன வருடம் வரை திடலிலும் ஒரு ஆள் பின்னால் நிற்கலாம். இந்த வருடம் பாதுகாப்பு என்று சொல்லி அதை நிறுத்திவிட்டார்கள். தட்டு இல்லை, கை இல்லை.

"சட்டையில பதியும்போது நீங்களும் கூட இருந்தீங்களா?" என்று கேட்டார் ஜபருல்லா.

"வருசம் பூரா இருந்தேன். ஒரு சட்டைதான் கொண்டுவந்தாங்க. என்னைய 'கொஞ்சம் ஓரமா நில்லுங்க'ன்னாங்க. நின்னேன்."

வித்தை ஒரு உடம்பில் இருக்கிறது என்று நினைத்து ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அது இரண்டு உடம்பில் இருந்திருக்கிறது. பாதியை நாலாயிரம் பேருக்கு விற்றுவிட்டு மீதியைப் பஞ்சர் கடையில் விட்டுப் போய்விட்டார்கள்.

அடுத்த நாளிலிருந்து கலாமணி அந்த மீதியைக் கற்றுக்கொள்ளப் பஞ்சர் கடைக்குப் பின்னால் இருந்த பொட்டலில் கிடந்தாள். ஜபருல்லா லாரியில் உட்கார்ந்தார், அவர் உடம்பிலும் அர்த்தநாரி படி உண்டு. கலாமணி பின்னால் நின்று தட்டினாள். முதல் நாள் ஒரு வேலிக்கல் போனது. இரண்டாம் நாள் டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார். டிரெய்லரின் வாலைப் பார்க்கக் கூடாது, கடைசிச் சக்கரத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவளுக்கே பிடிபட்டது. வால் பொய் சொல்லும், சக்கரம் சொல்லாது. நாச்சிமுத்து பஞ்சர் ஒட்டிக்கொண்டே, "நான் கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன்" என்று பீற்றிக்கொண்டிருந்தார். ஒரு தடவை கண்ணை மூடிச் சொன்னார். இன்னொரு வேலிக்கல் போனது. அதைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

கண் தயாராகிவிட்டது. இனி அவளே உட்கார்ந்து, கண்ணாடியில் கடைசிச் சக்கரத்தைப் பார்த்து, வெளியே தொங்கும் வலது கையால் கதவைத் தட்டிக்கொண்டு, இடது கையால் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டியதுதான். சுலபமாகத்தான் தோன்றியது.

கை அசையவில்லை. தட்டினாள், இன்னும் பலமாகத் தட்டினாள். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம்.

"உன்னைய நீயே கிச்சுக்கிச்சு மூட்டுனாச் சிரிப்பு வருமா?" என்றார் நாச்சிமுத்து. "தட்டறது நீதான்னு அந்தக் கைக்குத் தெரியுது. தெரியாமப் பண்ணோணும்."

"என்ற கை பண்றது என்ற கைக்கே தெரியாம எப்படிங்ணா பண்றது?"

அவர் யோசித்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராகத் தொடையில் அடித்துக்கொண்டார். "திட்டோணும் அம்மிணி. நான் சும்மா தட்டமாட்டேன். திட்டிக்கிட்டேதான் தட்டுவேன். அவன் காதுல ரெண்டும் ஒண்ணாப் போயிப் பழகிருச்சு."

"செத்தவரைப் போயி எப்படிங்ணா திட்டறது?"

"உசுரோட இருந்தப்பவே திட்டுனேன். இப்ப வந்து கேக்கப்போறானா?"

தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் பாடம் சொன்னார். கலாமணிக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கம் வந்தது. வெள்ளிக்கிழமையை நினைத்ததும் இரண்டும் போய்விட்டன. கதவைத் தட்டினாள். "வாடா வா. வா மாப்ள வா. நொட்டாங்கைப் பக்கம் ஒடி. கண்ணென்ன பொடனியிலயா இருக்குது?"

இடது கை துள்ளிக்கொண்டு திரும்பியது.

வெள்ளிக்கிழமை பரமத்தி ரோட்டுத் திடலில் அவளுக்கு முன்னால் போன ஏழு பேரும் கட்டையாகி இறங்கினார்கள். ஆய்வாளர் மதிவதனி மரத்தடி நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராகத் தோல்வி எழுதி அவருக்கும் அலுத்துப்போயிருந்தது. கலாமணி டயர் தட்டினாள், மேடு ஏறி நின்று எடுத்தாள். ரிவர்ஸ் கியர் போட்டதும் ஆய்வாளர் பேனாவைத் திறந்துகொண்டார்.

கலாமணி கதவில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"வாடா வா. வா மாப்ள. இன்னும் வா. எங்கடா பாக்கற? சோத்தாங்கைப் பக்கம் ஒடி, ஒடிங்கறேன்ல? வீட்ல சோறு போடலையா? வா, வா, வந்துட்டே இரு. ஏய், ஒடிச்சது போதும், நேரா வா. உன்னையெல்லாம் லாரியில ஏத்துனவனைச் சொல்லோணும். வா, வா, வா, நில்றா."

டிரெய்லர் ஒரே மூச்சில் உள்ளே போய் நின்றது. கம்பங்களின் உணரிகள் ஒன்றுகூடக் கூவவில்லை.

ஆய்வாளர் எழுந்து வந்தார். "யாரையம்மா திட்டிட்டு இருந்தீங்க?"

"டிரைவரைத்தானுங்க மேடம்."

"டிரைவர் நீங்கதானே?"

"ஆமாங்க. அந்தாளைத்தான்."

ஆய்வாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பின்னால் ஆள் நிற்கக் கூடாது என்று இருந்தது, ஒலிபெருக்கி கூடாது என்று இருந்தது. ஓட்டுநர் தன்னைத்தானே திட்டிக்கொள்ளக் கூடாது என்று எங்கேயும் இல்லை. அவர் கையெழுத்துப் போட்டார். "இவ்வளவு திட்டு வாங்கிட்டு அந்தாள் எப்படித்தான் வேலை பாத்தாரோ" என்று சொல்லிவிட்டு மீதி மோரைக் குடித்தார்.

செய்தி ஒரே நாளில் பரவியது. அடுத்த வாரம் திடலில் காது கொடுக்க முடியவில்லை. வாட்டசாட்டமான ஆண்கள் கதவை அடித்துக்கொண்டு தங்களைத் தாங்களே வாடா போடா என்று கத்தித் தேறிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்காரர்கள் முகூர்த்த நாளில் தேர்வு வைக்க வேண்டாம் என்று மனுக் கொடுத்தார்கள். ஜபருல்லா புது மெய்ச்சட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு, கிளீனர் படி எடுக்க நாச்சிமுத்துவைச் சுற்றி வந்தார். அவர் பிடிகொடுக்கவில்லை.

கூட்டுறவு லாரி கலாமணிக்குக் கிடைத்தது. முதல் லோடு ஏற்றப் போகிற வழியில், காலி வண்டியோடு பஞ்சர் கடைப் பொட்டலில் கொண்டுபோய் நிறுத்தினாள். ஜபருல்லாவும் சட்டையோடு அங்கேதான் இருந்தார்.

"நாச்சிமுத்தண்ணா, உங்களுக்கு என்ன வேணும்? கேளுங்க, இப்பவே பண்றேன்" என்றாள் கலாமணி.

நாச்சிமுத்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டு டிரைவர் பக்கக் கதவுக்குக் கீழே வந்து நின்றார். இத்தனை நாளில் முதல்முறையாகக் கொஞ்சம் கூச்சப்பட்ட மாதிரி இருந்தது.

"எறங்கு. இந்தப் பொட்டல்ல ஒரு சுத்து நான் ஓட்டோணும். 'அடுத்த லோடுல உங்கிட்ட ஸ்டியரிங் தர்றேன்டா'ன்னு அவன் பதினோரு வருசம் சொன்னான். தரவே இல்ல."

"இதுக்கென்னங்ணா" என்று கலாமணி இறங்கப் போனாள்.

இறங்க முடியவில்லை. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தன. தினமும் ஏறி இறங்குகிறவள்தான், ஒரு நாளும் இப்படி ஆனதில்லை. நாச்சிமுத்து கதவடியில் நின்று ஸ்டியரிங் கேட்டதும் பிடி இறுகிவிட்டது. இழுத்துப் பார்த்தாள். ஜபருல்லா ஏறி விரல் விரலாகப் பிரித்துவிட்டார். சுண்டுவிரலுக்குப் போவதற்குள் கட்டைவிரல் திரும்பப் போய் ஒட்டிக்கொண்டது. கலாமணிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. கை மட்டும் சிரிக்கவில்லை. டீக்கடையில் நின்ற மூன்று டிரைவர்களைக் கூப்பிட்டு அவரவர் வண்டியில் உட்கார வைத்து, நாச்சிமுத்துவைக் கேட்கச் சொன்னார்கள். மூன்று பேர் கையும் விடவில்லை.

நாச்சிமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"விடமாட்டான். எனக்குத் தெரியும். சேலம் தாண்டட்டும்பான். சேலம் தாண்டுனா தொப்பூர் எறங்கட்டும்பான். தொப்பூர் எறங்குனா, உனக்குக் கண்ணு சொருகுது, தூங்குடாம்பான்."

"நான் தரோணும்னுதான் நெனைக்கறனுங்ணா."

"நீ தருவ அம்மிணி. உன்ற கை தராது."

பண்ணையிலிருந்து அழைப்பு வந்தது. முட்டை அடுக்கி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். நாச்சிமுத்து பின்னால் போய்ப் பக்கப்பலகையில் இரண்டு தட்டுத் தட்டினார். அதற்கென்றே காத்திருந்த மாதிரி கைகள் சுழன்றன. வண்டி பொட்டலை விட்டு வழுக்கிக்கொண்டு சாலைக்கு வந்தது.

அர்த்தநாரி செத்துப்போனார். அவர் கைகளைக் கலாமணி வாங்கிக்கொண்டாள், நாலாயிரம் பேர் வாங்கிக்கொண்டார்கள். அவர் வைத்துவிட்டுப் போன கடனும் அந்தக் கைகளோடுதான் வந்திருக்கிறது. நாச்சிமுத்துவுக்கு ஒரு தடவை ஸ்டியரிங் தர வேண்டும். இன்னும் தரவில்லை.